கழுவாத கார்

மெர்ல் யாகருக்கு ஒரு கோணல் பழக்கம் உண்டு என்பது இந்தியானா, ஒஹாயோ இரண்டு மாநிலத்துப் பழங்கார்ப் பைத்தியங்களுக்கும் தெரியும். எந்தக் காரை விலை மதிக்கக் கூப்பிட்டாலும் மனிதர் என்ஜினில் தொடங்கி, எண்களைச் சரிபார்த்து, அடியில் படுத்துத் துருவைச் சுரண்டிப் பார்த்து, ஒழுங்காகத்தான் போவார். ஆனால் 1970-ம் வருஷத்து ஷெவெல் கார் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போச்சு. ஏலத்தில் நிற்கிற கார், கண்காட்சிக்கு வந்த கார், பர்கர் கடை வாசலில் எவனோ நிறுத்திவிட்டுப் போன கார், எதுவானாலும் சரி. நேரே அதன் வலது முன்மூலைக்குப் போய்க் குத்தவைப்பார். விளக்குகளுக்கு நடுவே பல்வரிசை மாதிரி இருக்கும் கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவுவார்.

"மெர்ல், முட்டை இருக்கா?" என்று கத்துவார்கள்.

"விடுய்யா, இன்னும் அடைகாக்குதாம்!" என்பான் இன்னொருவன்.

அவரும் சிரித்துக்கொண்டே, "இன்னைக்கு இல்லப்பா" என்று எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்வார்.

சிரித்தவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர்களுக்குத் தெரியாது. மெர்லின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில், துடைக்கும் துணிக்கு அடியில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் துண்டு கிடக்கும். ஓரத்தில் வெள்ளிப் பூச்சு, முதுகில் அச்சில் வார்த்த எண்ணின் பாதி. அவருடைய தம்பி டென்னியின் உடம்புக்குப் பக்கத்தில், சாலையோர வாய்க்காலில் கிடந்த துண்டு அது.

எழுபதாம் வருஷம், ஹாலோவீன் சாயங்காலம். பத்து வயது டென்னி வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பேய் வேஷத்தில் வீடு வீடாக மிட்டாய் வாங்கப் போனான். விரிப்பில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி, பிசிறு வராமல் விளிம்பு தைத்துக் கொடுத்தவள் அம்மா வெல்மா. திரும்பி வரும்போது சோளவயல்களுக்கு நடுவே போகும் மில் ரோட்டில் ஒரு கார் அவனை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. நின்று தூக்கிக்கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பிள்ளையின் சாவு தின்றதைவிட அந்த ஒரு வார்த்தை வெல்மாவை அதிகம் தின்றது.

மாவட்டப் போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃப் சும்மா இருக்கவில்லை. எண்ணை வைத்து அது எழுபதாம் வருஷத்து ஷெவெல்லின் கிரில் என்று கண்டுபிடித்தார். மாவட்டத்தில் இருந்த அத்தனை ஷெவெல்லையும் போய்ப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பல் சரியாக இருந்தது. மாநில எல்லையோ கூப்பிடு தூரம். எல்லைக்கு அப்பால் ஒஹாயோக்காரன் எவன் என்ன கார் வைத்திருக்கிறான் என்று அந்தக் காலத்தில் யார் போய்க் கேட்டார்கள்? வழக்கு கிடப்பில் விழுந்தது. வேறு ஷெரிஃப் வந்து அலமாரியைக் காலி செய்தபோது துண்டையும் விரிப்பையும் வெல்மாவிடமே கொடுத்துவிட்டார்கள். விரிப்பில் ஒரு கண்தான் இருந்தது. இன்னொரு கண் இருந்த இடம் கிழிந்து போயிருந்தது.

"இன்னொரு கண்ணு எங்கடா, மெர்ல்?" என்று விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் வெல்மா.

இப்போது அவளுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பார்வை போய் முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மெர்ல் போய் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "கெடைச்சானா?" என்பதுதான்.

"இல்லம்மா."

"நான் போறதுக்குள்ள எவன்னு சொல்லிடுடா. வேற ஒண்ணும் கேக்கல."

மெர்ல் இந்தத் தொழிலுக்கு வந்ததே கார் ஆசையால் இல்லை. ஊரில் இருக்கிற ஒவ்வொரு ஷெவெல்லுக்குள்ளும் கை விட ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான்.

*

அந்த நவம்பரில் ஒஹாயோ பக்கத்திலிருந்து ஒரு கிழவி போன் செய்தாள். பெயர் லொரெய்ன் ப்ரூக்னர். ஏப்ரலில் இறந்துபோன புருஷன் வெண்டலின் கார், எழுபதாம் வருஷத்து ஷெவெல், களஞ்சியத்தில் நிற்கிறதாம். பாய்ட் என்கிற கார் வியாபாரி நாற்பதாயிரம் டாலர் தருகிறேன் என்கிறானாம். அவனை நம்பலாமா என்று தெரியவில்லையாம்.

"நீங்கதானே கிரில்லுக்குள்ள கைய விட்டுப் பாக்குறவரு?" என்று கேட்டாள்.

மெர்ல் பெருமூச்சு விட்டார். புகழ் எல்லை தாண்டிப் போய்விட்டது. "நான்தான் மேடம்."

"அப்ப நீங்களே வாங்க. வேற யாரும் வேண்டாம். நியாயமான விலை எதுவோ, அதச் சொல்லுங்க."

அவர் போய் இறங்கும்போது களஞ்சியத்துக்குள் பாய்டின் கூப்பாடு கேட்டது. தொப்பியும் தொப்பையுமாக, வாய்க்குப் பூட்டே இல்லாத ஆள் அவன். கிழவிக்கும் காருக்கும் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அவள் கையில் வாளியும் ஈரத்துணியும்.

"மிஸஸ் ப்ரூக்னர், உங்க கால்ல வேணா விழறேன், அந்த வாளியக் கீழ வைங்க!"

"நாலு பேர் வர்ற எடத்துல இப்படியா நிக்கிறது? எனக்குத்தான் மானம் போகுது."

"மானம் போனாப் போகட்டும், தூசி போகக் கூடாது! ஒரு தொடைப்புக்கு ஆயிரம் டாலர் போயிடும். யோவ் மெர்ல், வந்துட்டியா! நீயாவது சொல்லுய்யா. அந்தம்மா காரக் குளிப்பாட்டப் பாக்குறாங்க."

"கழுவாதீங்க மேடம்," என்றார் மெர்ல். "அழுக்குலதான் எல்லா நெசமும் இருக்கு."

இந்தத் தொழிலின் கிறுக்கு அது. புதுசாக்க எவனாலும் முடியும், பணத்தை வீசினால் போதும். பழசை அப்படியே பழசாக வைத்திருக்கத்தான் ஆள் கிடையாது. அதனால் எலிப்புழுக்கை, புறா எச்சம், வெடித்த பெயிண்ட் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. ஒருவன் ஆர்வக்கோளாறில் குழாயைத் திறந்துவிட்டால் முடிந்தது கதை.

லொரெய்ன் வாளியைக் கீழே வைத்தாள். ஈரத்துணியை மட்டும் விடாமல் முறுக்கிக்கொண்டே நின்றாள்.

கார் கரும்பச்சை நிறம், முதுகில் இரண்டு கறுப்புப் பட்டை. படிந்திருந்த தூசிக்கு அடியிலும் அதன் திமிர் குறையவில்லை. கையில் நாலு காசு சேர்ந்த இளவட்டங்கள் எல்லாம் அந்தக் காலத்தில் பைத்தியமாக அலைந்தது இந்த மாதிரி வண்டிக்குத்தான். சிறிய உடம்புக்குள் லாரிக்கு வைக்கிற என்ஜின்.

மெர்ல் வழக்கம்போல வலது மூலைக்குப் போனார். குத்தவைத்தார். கையை விட்டார். விரல்கள் ஒவ்வொரு கம்பியாகத் தடவிப் போயின. எல்லாம் முழுசு. ஒரு கீறல்கூட இல்லை.

"முட்டை?" என்றான் பாய்ட்.

"இல்ல."

"இல்லையா?" என்றாள் லொரெய்ன். அந்தக் குரலில் என்னவோ இருந்தது. மெர்ல் நிமிர்ந்து பார்த்தார். அவள் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று தொடங்கினார். என்ஜின் எண்ணும் உடம்பு எண்ணும் ஒத்துப்போயின. சக்கரங்கள் கம்பெனி போட்டு அனுப்பியவை. என்ஜினுக்குப் பின்னால் தகரத்தில் தொழிற்சாலை ஆள் சுண்ணாம்புக் கட்டியால் போட்ட கிறுக்கல்கூட அழியாமல் இருந்தது. ஓடிய தூரம் மூவாயிரத்துச் சொச்சம் மைல்தான். அடேயப்பா! யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இந்தக் காருக்குத்தான் பொருந்தும். மெர்ல் ஒரு நீள ஸ்பானரைப் போட்டு என்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தார். சுற்றியது.

"எதுக்காக ஓட்டாம நிறுத்தினாரு?" என்று கேட்டார்.

"எஞ்சின் பூட்டிக்கிச்சுன்னாரு."

"இது வெண்ணெயாட்டம் சுத்துது மேடம். எஞ்சினுக்கு ஒண்ணுமே இல்ல."

"எனக்கும் தெரியும்," என்றாள் லொரெய்ன்.

பெயிண்டின் தடிமனை அளக்கும் சிறு கருவியை எடுத்து பானெட் மேல் வைத்துக்கொண்டே வந்தார். எங்கும் ஒரே அளவு. வலது முன்னோரத்தில் மட்டும் எண் இரண்டு மடங்காகக் குதித்தது. பானெட்டைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தார். தகரத்தில் சுத்தியல் தடம். உள்ளிருந்து வெளியே, பொறுமையாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி எடுத்திருக்கிறார்கள். கிரில்லைப் பிடித்திருந்த திருகாணிகளும் கம்பெனித் திருகாணிகள் இல்லை.

"இங்க அடிபட்டிருக்கு. கிரில்லும் மாத்தின கிரில்லு."

"மான் அடிச்சிடுச்சுன்னாரு."

"மான் மோதாத பானெட்டு இந்தப் பக்கம் ஏதுய்யா?" என்று பாய்ட் குறுக்கே விழுந்தான். "நானே மூணு மானப் பரலோகம் அனுப்பியிருக்கேன். அதுக்கெல்லாம் வெலையக் கொறைச்சுடாத. இல்ல இல்ல, கொறை, கொறை! வாங்குறவன் நான்தானே!" தானே சொல்லித் தானே சிரித்தான்.

மெர்ல் சிரிக்கவில்லை. மானுக்காக யாராவது மூவாயிரம் மைல் ஓடிய புதுக்காரை நிறுத்திவிடுவார்களா? அவர் காலடியில் காரைப் போர்த்தியிருந்த பழுப்புத் தார்ப்பாய் சுருண்டு கிடந்தது. கனத்த, நாற்றமடித்த தார்ப்பாய்.

"இவ்வளவு நல்ல வண்டிக்கு இதத்தான் போத்துவாங்களா?"

"அதக் கேளு!" என்றான் பாய்ட். "அந்த மனுஷன வளைச்சுப் போடலாம்னு ஒரு தடவ நல்ல கவரு ஒண்ணு வாங்கியாந்தேன். பஞ்சு மாதிரி, பளிச்சுன்னு வெள்ளை. நானே காரு மேல விரிச்சுவிட்டு, எப்படின்னு திரும்புறேன், ஆளு சுவத்தோட சுவரா ஒட்டிக்கிட்டு நடுங்குறாரு. அப்புறம் வைக்கோல் குத்துற கம்பிய எடுத்துக்கிட்டு வெரட்டினாரு பாரு, ரோடு வரைக்கும் ஓடினேன். வெள்ளைத் துணியப் பாத்துப் பயப்படுற ஆம்பளைய நான் அன்னைக்குத்தான்யா பாத்தேன்."

"வெள்ளை அவருக்கு ஆகாது," என்றாள் லொரெய்ன். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத மாதிரி, காரைப் பார்த்துச் சொன்னாள். "எங்க வீட்ல வெள்ளை விரிப்பே கெடையாது. எங்கம்மா கல்யாணத்துக்குக் குடுத்ததக்கூட நீலச் சாயத்துல முக்கிட்டேன். பக்கத்து வீட்டுக் கொடியில வெள்ளையா எதாவது ஆடினா, சாப்பாட்டுல இருந்து எழுந்து போயிடுவாரு. ஹாலோவீன் வந்தா வெளக்கெல்லாம் அணைச்சிட்டு நிலவறைக்குப் போயிடுவாரு. புள்ளைங்க வந்து கதவத் தட்டிப் பாத்துட்டுப் போயிடும்."

மெர்ல் டார்ச்சை அணைத்தார். "எப்ப இருந்து?"

"கார் நின்ன வருஷத்துல இருந்து." அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "டிக்கியைத் தொறந்து பாருங்க. கழட்டினதெல்லாம் அதுல இருக்கு."

டிக்கிக்குள் ஒரு மரப்பெட்டி. அதற்குள் பழுப்புத் துண்டில் சுற்றியது ஏதோ ஒன்று, குழந்தையைக் கிடத்திய மாதிரி கிடந்தது.

கார்க்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. காரிலிருந்து கழற்றிய அசல் பாகத்தை எறியமாட்டார்கள். உடைந்தாலும், உளுத்தாலும், ஒன்றுக்கும் உதவாமல் போனாலும், கம்பெனியிலிருந்து காரோடு பிறந்து வந்தது என்பதற்காகப் பெட்டியில் கட்டி வைப்பார்கள். வெண்டல் ப்ரூக்னர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன். ஷெரிஃபிடமிருந்து மறைத்தான், ஊரிடமிருந்து மறைத்தான். ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பெட்டியை ஆற்றில் வீசியிருந்தால் அவனை எமன்கூடக் கண்டுபிடித்திருக்க முடியாது. கை வரவில்லை. தன்னைத் தூக்கில் போடக்கூடிய சாட்சியை அசல் பாகம் என்று துண்டில் சுற்றிப் பத்திரப்படுத்தும் மடத்தனம் இந்தக் கூட்டத்துக்குத்தான் வரும்.

மெர்ல் துண்டைப் பிரித்தார். கறுப்பு கிரில். வலது மூலையில் ஒரு பல் இல்லை.

"கடவுளே, அசல் கிரில்லு!" என்று பாய்ட் எட்டிப் பார்த்தான். "ஒட்டவச்சிடலாம்யா இத. அட, ஒரு துண்டு கொறையுதே. அதுவும் இருந்திருந்தா!"

"அந்தத் துண்டத்தான் அவரு தேடிக்கிட்டே இருந்தாரு," என்றாள் லொரெய்ன். "பனி உருகினதும் கெளம்பிடுவாரு. அந்தப் பக்கம் இந்தியானாவுல, மில் ரோடு. வாய்க்கால் ஓரமா குனிஞ்சு குனிஞ்சு தேடுவாரு. போன வருஷ வசந்தத்துல நடக்க முடியாம, குச்சிய ஊனிக்கிட்டுகூடப் போனாரு."

களஞ்சியக் கூரையில் புறா ஒன்று சிறகடித்தது. மெர்ல் பாய்டைப் பார்க்காமலே சொன்னார், "பாய்ட், வெளிய போ."

"ஏன்யா?"

"போன்னு சொன்னேன்ல."

பாய்ட் அவர் முகத்தைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் வெளியே போய்விட்டான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

மெர்ல் கண்ணாடிக் கூட்டைத் திறந்து துண்டை எடுத்தார். துணியால் துடைத்து, கிரில்லின் உடைந்த வாயில் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தவில்லை. இத்தனை கோடையும் குளிரும் களஞ்சியத்தில் கிடந்து கிரில் கொஞ்சம் கோணிப் போயிருந்தது. ஆனால் திருப்பிப் பார்த்தபோது எண்ணின் முதல் பாதி கிரில்லிலும் மறுபாதி துண்டிலுமாக, ஒரே வரியாக ஓடியது.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த நாளை எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறார். அவன் சட்டையைப் பிடித்து உலுக்குவது, மூஞ்சியில் குத்துவது, இழுத்துக்கொண்டு போய் அம்மாவின் காலடியில் போடுவது. இப்போது அவன் மண்ணுக்கு அடியில் சுகமாகப் படுத்திருக்கிறான். நாற்பத்தெட்டு வருஷத்து ஆத்திரத்தை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மெர்லுக்கு அழுகைகூட வரவில்லை.

"தம்பியா? மகனா?" என்றாள் லொரெய்ன்.

மெர்ல் திரும்பினார். "உங்களுக்குத் தெரியும்."

"பேரு தெரியும். பேப்பர்ல போட்டிருந்தாங்க. உங்களுக்கு என்ன வேணும்னு தெரியல."

"தம்பி. பத்து வயசு."

அவள் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய பழக்கூடை மேல் உட்கார்ந்தாள். "அன்னைக்குக் கார நான்தான் கழுவினேன்," என்றாள். "மான்னு சொன்னாரு. ரத்தம் காயறதுக்குள்ள கழுவிடுன்னு சொல்லிட்டு, உள்ள போய்ப் படுத்துட்டாரு. மான் ரத்தம்னு நெனச்சுத்தான் வாளி வாளியா ஊத்தினேன். அப்பத்தான் கிரில்லுக்குள்ள துணி ஒண்ணு மாட்டியிருந்துச்சு. மான் துணி போடுமா, மிஸ்டர் யாகர்?"

"அப்பவே தெரிஞ்சும் சொல்லலையா?"

"வயித்துல புள்ள. கல்யாணமாகி அஞ்சு மாசம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் அதுவே குடித்தனமாயிடுச்சு. அவரும் சொல்லல, நானும் கேக்கல. ஒரே மேசையில உக்காந்து சோளமும் உருளைக்கெழங்கும் தின்னோம். செத்தவனையும் கூட உக்கார வச்சுக்கிட்டு."

"நின்னு தூக்கிட்டு வந்திருந்தா பொழச்சிருப்பான்," என்றார் மெர்ல். சொல்லக் கூடாது என்று நினைத்ததும் சொன்னதும் ஒரே மூச்சில் நடந்தது. "டாக்டர் சொன்னாரு. வாய்க்கால்ல ரொம்ப நேரம் உசுரோட கெடந்திருக்கான்."

இது அவளுக்குத் தெரியாது. அடித்த இடத்திலேயே போய்விட்டான் என்று அத்தனை வருஷமும் அவள் தன்னைத் தேற்றி வைத்திருந்தாள் போலிருக்கிறது. ஈரத்துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மனசின் ஒரு ஓரத்தில், நன்றாக அழட்டும் என்றுகூட மெர்லுக்குத் தோன்றியது.

"இப்ப மட்டும் எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"போன வருஷக் கடைசியில பாய்ட் எங்க சமையலறையில உக்காந்து காபி குடிச்சான். இந்தியானாவுல ஒரு கிறுக்கன் இருக்கான், எழுபதாம் வருஷத்து ஷெவெல்லப் பாத்தா கிரில்லுக்குள்ள கைய விடுவான்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். எனக்கு அப்பவே வெளங்கிடுச்சு. அவருக்கும் வெளங்கிடுச்சு. கப்பக் கீழ வச்சிட்டு எழுந்து போனாரு. அப்படியே போய்ப் படுத்தவரு எழும்பவே இல்ல. அவரு போனதும் உங்களக் கூப்பிட்டிருக்கணும். தைரியம் வர இத்தன மாசம் ஆச்சு."

அவள் மேலங்கிப் பையிலிருந்து மெழுகுத்தாளில் மடித்த ஒன்றை எடுத்து நீட்டினாள். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைத் துணி. ஒரு பக்கம் கிழிந்திருந்தது. நடுவில் வட்டமாக வெட்டிய ஓட்டை, அதைச் சுற்றி நீல நூலில் தைத்த விளிம்பு.

"எரிக்க மனசு வரல. ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் எடுத்துத் தொவைச்சு, கஞ்சி போட்டுத் தேய்ச்சு வைப்பேன். வேற என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

மெர்ல் அதை வாங்கி, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்தார்.

"வெலையச் சொல்லுங்க," என்றாள் லொரெய்ன். "ஒண்ணுமே பெறாதுன்னாலும் சரி. கொளுத்திடுன்னாலும் கொளுத்திடறேன்."

அவர் மதிப்புத் தாள் செருகிய அட்டையை பானெட் மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். அந்த நேரத்தில் அவர் கையைப் பிடித்து நடத்தியது தொழில்தான், வேறொன்றும் இல்லை. அசல் பெயிண்ட், வலது முன்னோரம் தவிர. அசல் என்ஜின். ஒரே சொந்தக்காரர். அசல் கிரில் உடைந்தது, எல்லாத் துண்டும் உண்டு. துண்டை கிரில்லோடேயே பெட்டியில் வைத்தார். விபத்து என்ற இடத்தில் தேதியைப் போட்டு, மில் ரோடு என்று எழுதி, டென்னி யாகர், வயது பத்து, இந்தக் கார் மோதி இறந்தான் என்று எழுதினார். விலை என்ற இடத்தில் தொண்ணூற்றைந்தாயிரம் டாலர் என்று போட்டார்.

லொரெய்ன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தாள். "இவ்வளவா?"

"கார் அவ்வளவு பெறும். கொறைச்சு எழுதினா பொய் எழுதின மாதிரி. கீழ நீங்க கையெழுத்துப் போடணும். போட்டா, மேல எழுதினதெல்லாம் உண்மைன்னு நீங்க ஒத்துக்கிட்டதா அர்த்தம். இதுல ஒரு நகல் ஷெரிஃபுக்குப் போகும்."

"போகட்டும்," என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

வெளியே பாய்ட் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினான். தொண்ணூற்றைந்தைப் பார்த்ததும், "யோவ், உனக்குப் புத்தி கித்தி..." என்று ஆரம்பித்தவன் விபத்து வரிக்கு வந்ததும் நின்றான். யாகர் என்ற பேரை இரண்டாவது தடவை படித்தான். தொப்பியைக் கழற்றினான்.

"முட்டை, முட்டைன்னு கத்தினேனே, மெர்ல்," என்றான். தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "இதப் படிச்சிட்டு எவன்யா வாங்குவான்?"

"படிச்சிட்டு வாங்குறவன் வாங்கட்டும். படிக்காம எவனும் வாங்கக் கூடாது."

அவளை மன்னித்துவிட்டாரா என்றால், இல்லை. கிளம்பும்போது லொரெய்ன் கை நீட்டினாள். மெர்ல் அதைப் பார்க்காத மாதிரி வண்டியில் ஏறினார்.

*

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. காலடிச் சத்தம் கேட்டதுமே வெல்மா நிமிர்ந்துவிட்டாள். "என்னடா, இன்னைக்கு வந்திருக்க?"

"கெடைச்சிட்டான்மா."

மெர்ல் உட்கார்ந்து சொன்னார். பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், ஏப்ரலில் செத்துப்போனதைச் சொன்னார், வெள்ளை விரிப்பில்லாத வீட்டைச் சொன்னார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பயந்து பயந்து செத்தானா?" என்றாள் கடைசியில்.

"ஆமாம்மா."

"நல்லது." முகத்தை அவர் பக்கம் திருப்பி, "அவன் பொண்டாட்டி?"

மெர்ல் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, "அவ எடுத்து வச்சிருந்தது" என்று துணியை எடுத்து அவள் கையில் வைத்தார். வெல்மாவின் விரல்கள் அதன் மேல் ஊர்ந்து போய் ஓட்டையைக் கண்டுபிடித்தன. விளிம்போடு ஒரு சுற்றுச் சுற்றின. தையல் முடிகிற இடத்தில், முடிச்சின் மேல் போட்ட இரட்டைத் தையலில் வந்து நின்றன.

"நீலமா?" என்றாள்.

"நீலம்மா."

"வெள்ளை நூல் தீந்துபோச்சு அன்னைக்கு. வெள்ளை மேல நீலமாம்மா, பேய் மாதிரியே இல்லன்னு அழுதான். இருட்டுல எவன்டா பாக்கப் போறான்னேன்." அவள் முகம் முழுக்கச் சிரித்தாள். மெர்ல் அம்மாவின் அந்தச் சிரிப்பைப் பார்த்து யுகமாகிவிட்டது.

பிறகு அவள் துணியை இரண்டு கையாலும் ஏந்தி மூக்கில் வைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். திருப்பிப் போட்டு மறுபடி இழுத்தாள். கிழிந்த ஓரத்தை, தையல் மடிப்பை, ஒவ்வொரு இடமாகத் தேடினாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோயிற்று.

"கஞ்சி வாசனைதான்டா வருது," என்றாள்.

மெர்ல் தலையைக் குனிந்துகொண்டார்.

"கழுவிட்டாளே, மெர்ல். எம்புள்ள வாசனையக் கழுவிட்டாளே."